மலைநாட்டுப் பாறைப் பெட்டி: கல் நல்லது, தாளை நம்ப வேண்டாம்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாறைகள் பாடம் தொடங்கியதும் இணையத்தில் தேடி 3,800 ரூபாய்க்கு இந்தப் பெட்டியை எடுத்தேன். கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்துக் கற்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் தேசிக்காய் அளவு, கூடவே விளக்கத்தாள் ஒன்று. யாழ்ப்பாணம் வந்து சேர ஒன்பது நாள்.

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபம் இன்னும் ஆறவில்லை. முதல் வரியிலேயே மலைநாடு எரிமலைக் குழம்பால் உருவானது என்று அச்சடித்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற பெட்டியில் இப்படியா? அந்த மலைகளில் இருப்பது பெரும்பாலும் உருமாறிய பாறை. பழைய மணலும் சேறும் சுண்ணாம்பும், இடையிடையே தீப்பாறைகளும், நிலத்துக்குக் கீழே 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய், 800 பாகை வெப்பத்தில் வெந்து நசுங்கி, சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுக்கு முன் இன்றைய உருவத்துக்கு வந்தவை. அப்போது இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்த நேரம். மேலே இருந்ததெல்லாம் பிறகு அரித்துப்போய்த்தான் இலங்கையின் உயர்ந்த மலையான பீதுறுதாலகாலை இன்று 2,524 மீற்றரில் நிற்கிறது.

கற்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் குழியில் ‘கிரனைற்’ என்று ஒட்டியிருக்கிற கறுப்புப் பச்சைக் கல், எண்ணெய் தடவியது போல மினுங்குகிறதே, அது கிரனைற் இல்லை, சார்னொக்கைற். குசினி மேடைக்குக் கல் விற்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் கிரனைற் என்பார், அது வியாபாரம், சரி. பாடப் பெட்டியிலும் அப்படியே எழுதினால்? அந்தப் பெயருக்குள் இருக்கிற கதையும் போய்விட்டது. கொல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற கிழக்கிந்தியக் கம்பனிக்காரரின் கல்லறையில் வைத்த கல் இந்த வகை, அதைப் பார்த்துத்தான் தோமஸ் ஹொலண்ட் 1893இல் பெயர் வைத்தார். கல்லறைக் கல் போனது சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் இருந்து என்கிறார்கள். பல்லாவரத்துக் கல்லும் மலைநாட்டுக் கல்லும் ஒரே சாதி என்றதும் மகள் அதைக் கையில் இருந்து கீழே வைக்கவில்லை.

பழைய மணற்கல் வெந்து இறுகிய குவாட்சைற் துண்டு அருமை. பழைய போத்தல் ஒன்றில் கீறிப் பார்த்தோம், கண்ணாடியில் கோடு விழுந்தது. நைஸ் என்கிற உருமாறிய பாறைத் துண்டுகள் ஐந்தும் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு போதும், இடத்தை நிரப்பப் போட்டிருக்கிறார்கள்.

சலவைக்கல்லில்தான் நாங்கள் ஏமாந்தோம். கிணறு ஆழமாக்கியபோது வெடி வைத்து எடுத்த கல் கொல்லையில் குவியலாகக் கிடக்கிறது, எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்தது, மிஞ்சிப்போனால் 2.3 கோடி ஆண்டு. அதில் தேசிக்காய்ப் புளி விட்டால் உடனே நுரைக்கும். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல் உருமாறியதுதானே என்று பெட்டியில் இருந்த மாத்தளைக் கல்லிலும் விட்டோம், ஒன்றும் இல்லை. “அப்பா, உங்களை ஏமாத்திப்போட்டினம்” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறகுதான் நினைவு வந்தது, அந்தப் பக்கத்துச் சலவைக்கல்லில் பெரும்பகுதி டொலமைற், மக்னீசியம் கலந்தது, இலேசில் கரையாது. ஆணியால் சுரண்டித் தூளாக்கி வினாகிரியைச் சூடாக்கி விட்டோம், சின்னச் சின்னக் குமிழி மெல்ல வந்தது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதைச் சுரண்டிப்போட்டும் பார்த்தாள், அது பொங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது, கீரிமலைக் கேணிக்கும் நிலாவரைக் கிணற்றுக்கும் அதே கல்தான் அடி. இந்த ஒரு பின்னேரத்துக்காகவே கொடுத்த காசு சரி. ஆனால் இதில் ஒரு சொல்கூடத் தாளில் இல்லை, வீட்டில் ஒரு கல்லும் ஒரு தேசிக்காயும் இல்லாதவருக்கு இது சும்மா பன்னிரண்டு கல்தான்.

கொண்டலைற், அதுவும் பழைய சேறு உருமாறிய பாறைதான், உடைந்து வந்தது. பழுப்பாக, விரலால் அழுத்தினாலே உதிர்கிறது, உள்ளே கானெற் என்ற சிவப்புக் கனிம மணிகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. மழையில் மக்கிய கல்லைப் பொறுக்கியிருக்கிறார்கள். இப்படி மக்கிய மண் தடிப்பாகக் கிடக்கும் சரிவில் மழை விடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று 2014இல் மலைநாட்டு மீரியபெத்தை மண்சரிவில் பார்த்தோம், அதையாவது தாளில் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

உடைந்ததற்கு முறைப்பாடு செய்தேன். வேறு கல் தருவார்களாம், அனுப்பும் கூலி 450 ரூபாய் நான் கட்ட வேண்டுமாம். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் குழியில் இப்போது கிணற்றடிக் கல் ஒன்று கிடக்கிறது, சிப்பி அச்சோடு, மகள் பெயரும் எழுதி ஒட்டிவிட்டாள்.