விறகு அடுப்புக்கு அடித்திட்டு: மூன்று மாரி கண்ட பிறகு

2022இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது டைல்ஸ் போட்ட குசினிகளுக்குள்ளும் விறகு அடுப்பு திரும்பி வந்தது. சுட்ட களிமண்ணாலான அனகி அடுப்புக்குக் கால் கிடையாது. அதை டைல்ஸில் நேரே வைத்தால் சூடேறிய இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த டைல்ஸ் விடாது, நடுப்பகுதி சத்தத்தோடு கிளம்பிவிடும். சீமெந்துத் தரை மெதுவாகக் கெடும். 300 பாகை செல்சியசுக்கு மேல் சீமெந்தின் பிடி தளரத் தொடங்கும், 400ஐத் தாண்டினால் அதிலுள்ள சுண்ணாம்பே சிதையும். பிறகு மாரி ஈரம் பட்டு மாவாக உதிரும்.

இதைத் தடுக்க அடுப்புக்கு அடியில் கட்டும் செங்கல் திட்டு 4 அடி நீளம், 3 அடி அகலம், ஏழரை அங்குல உயரம். அடுப்பு வாய்க்கு முன்னால் 18 அங்குலமும் மற்றப் பக்கங்களில் 8 அங்குலமும் இருக்க வேண்டும். பக்க அளவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், முன்பக்கத்தில் கூடாது. கொள்ளி சரிந்து விழுவது அங்கேதான். கிடுகு வேலியோ பலகைச் சுவரோ பக்கத்தில் இருந்தால் 3 அடி தள்ளி வையுங்கள்.

சூட்டை நிறுத்துவது கல்லின் கனம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கனத்த கல் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நாள் முழுக்க நெல் அவித்தால் அந்தச் சூடு கடைசியில் தரைக்கு இறங்கியே தீரும். அதனால் கீழ் அடுக்கில் காற்று ஓட வழி வேண்டும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, முன்னிருந்து பின்னாக 7 வரிசை வைக்க வேண்டும். வரிசைகளுக்கிடையே ஐந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளி வரும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி அடைத்துவிட்டால் இந்த வேலை முழுதும் வீண். துவாரங்களில் கம்பி வலை கட்டாயம். எலி, பூரான், மாரியில் பாம்பு எல்லாவற்றுக்கும் அது சொகுசான இடம்.

அதன் மேல் 24 கேஜ் கல்வனைஸ் தகடு. கூரைக்குப் போடும் மெல்லிய தகரம் இடைவெளிகளில் தொய்ந்து, மேல் கல் ஆடத் தொடங்கும். தகட்டின் மேல் ஒரு அங்குலம் உமிச்சாம்பல். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் இதற்கு அலையத் தேவையில்லை. சாம்பல் நாலு பங்கு, களி (களிமண்) ஒரு பங்கு, உருட்டினால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். 15 லீற்றர் வாளியில் மூன்று வாளி பிடிக்கும், இறுக்கும்போது குறையும். சூடு இறங்காமல் காப்பதில் இந்த ஒரு அங்குலச் சாம்பலுக்கு அதன் மேல் வரும் செங்கல் ஈடாகாது.

மேல் அடுக்கில் செங்கல்லைப் படுக்கையாக வைக்க வேண்டும். 8 அங்குலத்துக்கு 4 அங்குலக் கல் என்றால் மேலே 54, கீழே 32. நம்மூர்க் கல் ஒரே அளவில் வராது, வரும்போதே உடைந்தும் வரும், எனவே 100 எடுங்கள். இரண்டைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்பது வேகாத கல், சூட்டில் பொடியும்.

சாந்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். அடுப்பைச் சுற்றிச் சீமெந்து வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் களியைத் தனியாகப் பூசினால் காய்ந்ததும் வெடித்துப் பிளக்கும்; வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைக் கடற்கரை மணலைக் கலந்தால் உப்புப் பூத்து மாரியில் ஈரம் இழுக்கும். களி அல்லது புற்றுமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, ஒரு பிடி உமி என்று கலந்து, இரண்டு நாள் ஊறவைத்து மிதித்துக் குழைக்க வேண்டும். கல்லையும் தண்ணீரில் நனைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஓரத்து ஒரு வரிசைக்கு மட்டும் சீமெந்துச் சாந்து போடலாம். அந்த ஓரத்துக்கும் உள் கற்களுக்கும் நடுவே விரலகலம் விட்டுச் சாம்பலால் நிரப்புங்கள். விரிவுக்கு இடம் விடாத திட்டில் முதலில் பிளப்பது ஓரந்தான்.

நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, முதல் மூன்று நாள் பொச்சும் (தேங்காய் உரிமட்டை) ஓலையும் மட்டும் போட்டு அரை மணி நேரம் எரித்தால் போதும். உள்ளே நிற்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற அவகாசம் வேண்டும். மாரியில் ஒரு கிழமை மூட்டாமல் கிடந்த திட்டுக்கும் இதே பக்குவந்தான்.

மூன்று மாரிக்குப் பிறகு நிலைமை இது. இரண்டு மணி நேரச் சமையல் முடிந்ததும் திட்டுக்கு அடியில் தரையைத் தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவுதான். தகட்டில் ஓரமாக மட்டும் துரு. அடுப்பு வாய்க்கு முன்னாலிருந்த நாலு கல் வெடித்து மாற்றியாயிற்று. காரணம் நெருப்பில்லை: சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்ததும், கொள்ளியைத் தண்ணீர் ஊற்றி அணைத்ததும். கொள்ளியை இழுத்து மணலில் புதைப்பது நல்லது. அள்ளிய சாம்பலுக்குள் மறுநாளும் தணல் கிடக்கலாம். மூடியுள்ள இரும்பு வாளிதான் அதற்கு இடம், உரப்பை வேண்டாம்.

குறை என்றால் உயரம். பலகையில் குந்தி இருந்து சமைப்பவருக்கு ஏழரை அங்குலம் தோளை வலிக்க வைக்கும், பலகையையும் உயர்த்த வேண்டிவரும். வாடகைக்கு இருப்பவர் கீழ் வரிசைகளைச் சாந்தில்லாமல் வெறுமனே அடுக்கினால் போகும்போது கழற்றி எடுத்துப் போகலாம், டைல்ஸில் ஒரு கறையும் நிற்காது. மிஞ்சிய கற்களை வீசாமல் வையுங்கள், முன்வரிசைக்குத் தேவைப்படும்.