கோழியைக் கையில் எடுத்துப் பார்க்கும் மருத்துவர்: கடலூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவ நிலையம்

கடலூரில் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் பார்க்க இடமுண்டு. நொண்டும் முட்டைக்கோழியைக் கொண்டுபோனால், தொட்டுக்கூடப் பார்க்காமல் ஓர் ஊசியைப் போட்டு, தேறாவிட்டால் குழம்பு வைத்துவிடுங்கள் என்று அனுப்புவதையே நான் வேறு இடங்களில் கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால், அண்மையில் எங்கள் கோழியைக் காட்டிய சிறிய தனியார் நிலையம் பாராட்டத் தக்கது. காரணம் மருந்தல்ல, நோயைக் கண்டறிவதற்கு அங்குள்ள மருத்துவர் கொடுக்கும் நேரம்.

அவர் காலைத் தொடுவதற்கு முன் கோழியைத் தரையில் விட்டு நடையைக் கவனித்தார். கழுத்து திருகிக்கொள்கிறதா, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறதா, பக்கத்து வீடுகளில் கோழிகள் சாகின்றனவா என்று கேட்டது, கோழிகளிடையே வேகமாகப் பரவும் வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் நோயை மனத்தில் வைத்து. ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாக நீட்டிப் படுக்கிறதா என்று கேட்டது மேரெக் நோய்க்காக. ஹெர்பெஸ் வகை வைரஸால் வரும் இந்நோய் தொடை நரம்புகளை வீங்க வைத்துக் காலை முடக்குகிறது. பெரும்பாலும் ஓராண்டுக்கு உட்பட்ட இளங்கோழிகளையே தாக்கும் என்பதால், இரண்டு வயது கடந்த எங்கள் கோழிக்கு அதன் வாய்ப்புக் குறைவு என்றார்.

அடுத்து முட்டையைப் பற்றிய விசாரணை. ஓடு மெலிந்திருக்கிறதா, ஓடே இல்லாத தோல்முட்டை வந்ததா என்று கேட்டபோது, கால் நோவுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று உடன் வந்த என் மாமியார் வியந்தார். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொடுக்கும், நாளடைவில் கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். நொய்யும் தவிடும் மட்டும் தின்னும் கோழிகளுக்கு இது எளிதில் நேரும். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான அளவை அதுவே கொத்திக்கொள்ளும் என்ற யோசனை, கடலோர ஊரில் இருப்பவர்களுக்குச் செலவில்லாதது. பிறகு அடிவயிற்றைத் தடவி, முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார்; நெஞ்செலும்பின் இருபுறமும் அழுத்திச் சதைப்பற்றை அறிந்தார்; இரைப்பை கல்லாக இறுகியிருக்கிறதா என்றும் சோதித்தார்.

இத்தனைக்கும் பின்னரே உள்ளங்காலைத் திருப்பிக் கழுவினார். இடது பாதத்தில் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றி வீக்கமும் தெரிந்தன. மதிலிலிருந்து சிமென்ட் தரையில் குதிக்கும் கோழிகளுக்கும், சொரசொரப்பான கட்டையில் அடையும் கோழிகளுக்கும் தோலில் சிறு கீறல் விழ, அதன் வழியே பாக்டீரியா புகுந்து இப்படிச் சீழ்க்கட்டி ஆகிறதாம். முதல் பார்வையிலேயே இதைக் கண்டு முடித்திருக்கலாம். ஆயினும் ஒரு கோழிக்கு இரண்டு நோய் இருக்கக்கூடாது என்று விதியில்லை அல்லவா? கட்டி ஆழமாக இறங்காததால் கத்தி வைக்காமல், வெதுவெதுப்பான உப்புநீரில் பாதத்தை ஊறவைத்து, அயோடின் மருந்து தடவிக் கட்டுப்போட்டார். வீக்கம் வடிந்து இப்போது ஊன்றி நடக்கிறது.

குறைகளும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் குறிப்பிட்ட நாள்வரை முட்டையை உண்ணக்கூடாது. எத்தனை நாள் என்பதை மருந்துச் சீட்டில் எழுதவில்லை, நானாகக் கேட்ட பின்பே சொன்னார்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது சிறிய விஷயமன்று. காத்திருக்கும் அறை ஒன்றே என்பதால், குரைக்கும் நாய்களுக்கு நடுவே கோழி நடுங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே வசதி அங்கில்லை. ஆய்வகச் சோதனையும் இறந்த கோழியை அறுத்துப் பார்ப்பதும் தேவைப்பட்டால், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடச் சொல்கிறார்கள். கட்டணம் ஒரு நாட்டுக்கோழியின் விலையை நெருங்குகிறது. இறைச்சிக்கு வளர்ப்பவர் யோசிப்பார்; முட்டைக்காகச் சில கோழிகளை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, மற்றவற்றுக்கும் நோய் தொற்றுமா என்பது தெரிந்துவிடுவதால் கொடுத்த பணம் தகும்.

செல்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து முற்பகலில் செல்லவும். காற்றோட்டமுள்ள மூடிய அட்டைப் பெட்டியில் கோழியையும், ஒரு டப்பாவில் அன்றைய எச்சத்தையும், கடைசியாக இட்ட முட்டையின் ஓட்டையும் எடுத்துச்சென்றால் அவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவையே பதில் சொல்லும்.