மெட்டை மட்டும் கொள்வதா, பொருளையும் காப்பதா?

1967-இல் பிரெஞ்சுப் பாடகர் குளோத் பிரான்சுவா பாடிய 'கோம் தபிதூத்' பாடலில், அன்பு வற்றிப்போன வீட்டில் விடியற்காலையில் எழும் ஒருவன், விழிக்காத துணைவிக்குக் குளிருமோ என்று அஞ்சிப் போர்வையை மேலே இழுத்துவிடுகிறான். அதன் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் வாழ்வைப் பெருமிதத்தோடு திரும்பிப் பார்க்கும் ஒருவரின் கூற்றாகப் பாடலாசிரியர் பால் ஆங்கா ஆங்கிலத்தில் எழுதிய 'மை வே', 1969-இல் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவின் குரலில் வெளிவந்து உலகெங்கும் ஒலித்தது.

மற்றொரு பிரெஞ்சுப் பாடகர் ஜில்பேர் பெக்கோவின் 1961-ஆம் ஆண்டுப் பாடலான 'ஏ மேன்த்னான்' ஆங்கிலத்துக்கு வேறு வழியில் சென்றது. பாடலாசிரியர் கார்ல் சிக்மன் அதற்கு எழுதிய ஆங்கில வரிகள், பிரிவுக்குப்பின் இனி என்ன என்ற அதே கேள்வியையே கேட்கின்றன; விடாமல் அடிக்கும் முரசுத்தாளமும் அந்தத் தவிப்போடு பொருந்தி நிற்கிறது. புகழில் முன்னதான 'மை வே' பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் என் மனம் பின்னதையே நாடுகிறது, ஏனெனில் முன்னதில் அந்தப் போர்வை தொலைந்துவிட்டது.