அமரில்லிஸ் கிழங்கு: பூவை அல்ல, பூ முடிந்த பிறகு இலையைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்

அழகர்கோயில் சாலையில் ஒரு நர்சரியில் விற்கும் சிவப்பு அமரில்லிஸ் கிழங்கை நம்பி வாங்கலாம். லில்லி என்று கேட்டாலே எடுத்துத் தருகிறார்கள். சுற்றளவு 24 செ.மீ.க்குக் குறையவில்லை, அழுத்தினால் அமுங்கவில்லை, அடிவேர் உயிரோடு இருக்கிறது. ஆனால் முதல் பங்குனியில் பூத்துவிட்டது என்று ஐந்து நட்சத்திரம் கொடுக்க முடியாது. அந்த மொட்டு கிழங்கு கடைக்கு வருமுன்பே உள்ளே உருவானது. அடுத்த வருடப் பூதான் நம் பராமரிப்பைச் சொல்லும்.

கூடவே தரும் சீட்டு மோசம். பூத்ததும் செடியை அடியோடு வெட்டச் சொல்கிறது. தயவுசெய்து வெட்டாதீர்கள். வாடிய பூத்தண்டை மட்டும் கிழங்குக்கு மேல் 3 செ.மீ. விட்டு நறுக்குங்கள், காய் பிடித்தால் சத்தை அது இழுத்துக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு மொட்டு உள்ளே உருவாகும். அதனால் சித்திரை முதல் புரட்டாசி வரை இலையைக் காப்பதே வேலை.

தொட்டியில் வரும் தென்னை நார்க்கழிவை உதறிவிடுங்கள். மழையில் ஈரம் பிடித்துக் கிழங்கை அழுகவைக்கும். செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழு உரம் 1. கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரம் கரைத்து ஊற்றுங்கள். யூரியா வேண்டாம், இலை மட்டும் கொழுக்கும். இலையில் செங்கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை: அந்த இலையை அகற்றி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளியுங்கள். மழைக்காலத்தில் கறுப்புப் புழு கூட்டமாக வந்து ஓரிரு இரவில் இலையை மொட்டையடிக்கும். பொறுக்கி அழிப்பதே நல்லது.

மதுரையில் பெரும்பாலும் கிழங்கு சாவது ஐப்பசியில்தான். அது ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இங்கே அடைமழை. தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தி, குறைந்தது 8 முதல் 10 வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலை தானாக மஞ்சளாகட்டும், பச்சையாகப் பிடுங்க வேண்டாம். தை கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு முளை தெரியும்வரை அளவாக.

கிழங்குக்கு 4 நட்சத்திரம், சீட்டுக்கு 1. அங்கேயே தொங்கும் துலிப் பாக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். அதற்கு 12 வாரத்துக்கு மேல் கடுங்குளிர் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து ஒருமுறை பூக்கவைத்தாலும், நம் வெயிலில் மறுவருடத்துக்குக் கிழங்கு தேறாது.