தோட்டத்து ரோட்டுக்கு எந்த ஜீப்?

பொகவந்தலாவை மாதிரி மலையகத் தேயிலைத் தோட்டத்து ரோடுகளுக்கு, கரடுமுரடுக்கு வேண்டியதையெல்லாம் கம்பெனியே பொருத்திய ஜீப் வாங்குவதா, சாதாரண மாடலை எடுத்து நாமே பொருத்திக்கொள்வதா? இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. வரியோடு சேர்த்தால் புதுசு எட்டாத விலை. ஆனாலும் டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுழல வைக்கும் பூட்டு) மட்டும் கம்பெனியில் வந்தால்தான் நிம்மதி. அப்புறமாகப் போட அச்சைப் பிரிக்க வேண்டும், அதற்குக் கைதேர்ந்த மெக்கானிக் பாஸ் வேண்டும்.

டயர் அப்படியில்லை. மழையில் மண் வழுக்கும்போது முதலில் கைகொடுப்பது அதுதான், எந்தக் கடையிலும் மாற்றலாம். சஸ்பென்ஷனை ரொம்ப உயர்த்தாதீர்கள், வளைவில் வண்டி சாயும்.

சுசூகி ஜிம்னி போல லோ கியர் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஏற உதவும் கியர்) உள்ள நாலு சக்கர இழுவை வண்டி கிடைத்தால், சாதாரண மாடலே போதும் என்பேன். நாலில் இரண்டு சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டியைத் தொடாதீர்கள்.