டாஷ்போர்டு விளக்கு மினுக்கினால், சோதிக்காமல் ஆல்டர்னேட்டரை மாற்ற விடாதீர்கள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் வைத்திருப்பவர்களின் கவனத்திற்காக இதை எழுதுகிறேன். என் காரின் டாஷ்போர்டு விளக்குகள் இரவில் மினுக்கத் தொடங்கின. ஹெட்லைட்டும் ஏசி பிளோயரும் சேர்ந்து ஓடும்போதும், தேவகோட்டைச் சாலையின் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதும் மினுக்கல் கூடியது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) பலவீனமாகியிருந்தால் பெரும்பாலும் எஞ்சின் வேகத்தோடு வெளிச்சமும் ஏறி இறங்கும் என்பதால், இந்தக் கடைசி விவரத்தைப் பட்டறையில் அழுத்திச் சொன்னேன்.

அவர்கள் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தவர், "டைனமோ போச்சுண்ணே, இப்படியே ஓட்டுனா நடுரோட்டுல நின்னுரும்" என்றார். ஆல்டர்னேட்டரைத்தான் டைனமோ என்றார். வீட்டில் விசேஷம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதும், வெளியூர் உறவினர்களைக் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஆல்டர்னேட்டர், பேட்டரி இரண்டையும் மாற்றி ஏறத்தாழ 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, அவை கடைக்குப் போய்விட்டன என்றார்கள். ரசீதில் 'எலக்ட்ரிகல் வேலை' என்ற ஒற்றை வரிதான். பாகத்தின் எண்ணும் இல்லை, பேட்டரியின் வாரண்டி அட்டையும் இல்லை.

மினுக்கல் போகவில்லை.

பிறகு பள்ளத்தூர்ப் பக்கம் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டினேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது சரியாகவே இருந்தது. ஹெட்லைட்டையும் பிளோயரையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறு முனையைக் காரின் பாடியிலும் வைத்தார். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரித் தட்டுக்குக் கீழே எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு முறுக்கியதும் விளக்குகள் நிலையாக எரிந்தன. சில நூறு ரூபாய் வேலை. அதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

இதைவிட மோசமான செய்தியை அவர்தான் காட்டினார். புதியது என்று எனக்கு விற்ற ஆல்டர்னேட்டரில் வெள்ளிப் பெயின்ட் போல்ட் தலைகளின் மேலேயும் படிந்திருந்தது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே பழைய துரு. புதுப்பித்து விற்பதில் குற்றமில்லை, அதைச் சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால். என் பழைய ஆல்டர்னேட்டரும் இப்படியே பெயின்ட் பூசிக்கொண்டு வேறு எவர் காரிலோ ஏறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எனவே, பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன், மேலே சொன்ன இரண்டு அளவுகளையும் உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதை வண்டியிலேயே வைத்துத் தரும்படி முதலிலேயே கேளுங்கள். பாக எண் இல்லாத ரசீதுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பாகத்தை மாற்றிய அந்தப் பட்டறையில் நான் நேரில் கேட்டதற்கு, "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பதுதான் பதில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ரசீதையும் ஆல்டர்னேட்டரின் படங்களையும் இணைத்து, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.