1000 எக்ஸ் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கின கதை (மெட்டலர்ஜி பசங்க மட்டும் பொறுமையா படிங்க)

வாங்கி நாலு மாசம் ஆச்சு, விலை 1600க்கு கொஞ்சம் கம்மி. நான் மெட்டலர்ஜி செகண்ட் இயர். எங்க லேப்ல உருப்படியா இருக்கறது ஒரே ஒரு மைக்ரோஸ்கோப், பேட்ச்ல முப்பது பேரு, என் டர்ன் வர்றதுக்குள்ள பெல் அடிச்சுரும், குனிஞ்ச உடனே "என்னடா தெரியுது"ம்பாங்க, "தெரியுதுங்க சார்"னுட்டு நகந்துருவோம், அப்பறம் சீனியரோட ரெக்கார்ட பாத்து பியர்லைட்ட (ஸ்டீலுக்குள்ள அடுக்கடுக்கா இருக்கற ஒரு அமைப்பு) கோடு கோடா வரைஞ்சு வெப்போம். அந்தக் கடுப்புலதான் இத ஆர்டர் போட்டேன்.

முதல்ல பாக்ஸ் மேல பெருசா போட்ருக்கற 1000 எக்ஸ். சுத்தப் பொய். படத்த மானிட்டர்ல இழுத்து பெருசாக்கி காட்டறதுக்குப் பேரு மேக்னிஃபிகேஷன் இல்லைங்க. பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு கோட்ட தனித்தனியா பிரிச்சுக் காட்டணும், அது லென்ஸோட நியூமரிக்கல் அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் எவ்ளோ அகலமான கோணத்துல வெளிச்சத்த வாங்குதுங்கறத, பொறுத்தது. இந்த மாதிரி குட்டி லென்ஸுக்கு அது 0.1 பக்கந்தான் இருக்கும்னு வெச்சுப் போட்டா, வெளிச்சத்தோட அலைநீளம் 0.55 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அத அப்பர்ச்சரோட ரெண்டு மடங்கால வகுத்தா ரெண்டே முக்கால், அதுக்கு கீழ எதுவும் பிரியாது. ஸ்டீல் ஆறும்போது பியர்லைட்ல 727 டிகிரி செல்சியஸ்ல பெர்ரைட்டும் (கிட்டத்தட்ட சுத்த இரும்பு) சிமென்டைட்டும் (இரும்பும் கார்பனும் சேந்தது) அடுக்கடுக்கா பிரியுதுல்ல, அந்த இடைவெளி பெரும்பாலும் அரை மைக்ரான் கூட வராது. அப்ப இதுல பியர்லைட் எப்படி தெரியும்னா, கருப்பா ஒரு திட்டு, அவ்ளோதான். கோடு பாக்கலாம்னு ஆசப்பட்டு வாங்கிராதீங்க.

அடுத்தது லைட்டு, இத எந்த ரிவ்யூலயும் யாரும் சொல்லல. லென்ஸ சுத்தி எட்டு எல்இடி வட்டமா இருக்கு. எறும்பு, துணி, சர்க்யூட் போர்டுக்கெல்லாம் அது அருமை. ஆனா கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணின இரும்புக்கு அடில வெச்சா எட்டு வெள்ளப் புள்ளியும் அப்படியே எதிரொளிச்சு நிக்குது, மத்ததெல்லாம் இருட்டு. லேப் மைக்ரோஸ்கோப்புல லைட்டு லென்ஸ் வழியாவே நேரா இறங்கும், அதான் வித்தியாசம். ரெண்டு நாள் பீஸ்தான் டிஃபெக்ட்னு நெனச்சு ரிட்டர்ன் போடப் போயிட்டேன். அப்பறம் கவர் ஸ்லிப் (மெல்லிசான கண்ணாடித் துண்டு) ஒண்ண லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் நடுவுல 45 டிகிரி சாச்சு ஒட்டி, எல்இடிய அணைச்சுட்டு, சைடுல இருந்து போன் டார்ச்ச அடிச்சேன், வெளிச்சம் கண்ணாடில பட்டு நேரா கீழ இறங்கட்டும்னு. வந்துச்சு பாருங்க! கண்ணாடி இடத்த அடைக்கறதால லென்ஸ கொஞ்சம் தூக்கித்தான் வெக்கணும், ஜூம் கொறையும், பரவால்ல.

பாத்தது என்னன்னா, மாமாவோட லேத் பட்டறைல கெடந்த ஒடஞ்ச பம்ப் பாடி, கிரே காஸ்ட் அயர்ன். ஒரு துண்டு அறுத்து வாட்டர் பேப்பர்ல 220, 400, 600, 1000னு தேய்ச்சேன், ஒவ்வொரு பேப்பருக்கும் சாம்பிள 90 டிகிரி திருப்பி, முந்தின கோடு மொத்தமா மறையற வரைக்கும். கடைசில பிராசோ (பித்தள பாலிஷ்) போட்டு பழைய வேட்டித் துணில. எட்ச் (ஆசிட்ல லேசா அரிக்க விடறது) பண்ணவே வேண்டாம், வெள்ளத் தரைல கருப்பு கருப்பா வளைஞ்ச புழு மாதிரி கிராபைட் ஃப்ளேக் (கார்பன் செதில்) அப்படியே தெரியுது. காஸ்ட் அயர்ன் ஏன் வளையாம படக்குனு ஒடையுதுனு அஞ்சு மார்க் கேள்விக்கு எத்தன தடவ எழுதிருப்பேன், உள்ள அவ்ளோ வெட்டு ஏற்கனவே கெடக்குதுனு அன்னிக்குத்தான் ஒறச்சுது. மாமாவ கூப்ட்டு காட்டினேன், "இதுக்காடா கரண்ட் செலவு பண்ற"னாரு, ஆனா அரை மணி நேரம் நகரல.

மைல்ட் ஸ்டீல்ல கிரெயின் (உலோகத்துக்குள்ள இருக்கற குட்டிக் குட்டிப் படிகம்) பாக்க நைட்டால் வேணும், நைட்ரிக் ஆசிட ஆல்கஹால்ல கலக்கற சமாச்சாரம், வீட்ல கலக்காதீங்க, லேப்லயே எட்ச் பண்ணி ஆல்கஹால்ல கழுவி காய வெச்சு கொண்டு வாங்க. நான் ஒரு தடவ தண்ணில கழுவிட்டு பாக்கெட்ல போட்டு வந்தேன், காலைல பாத்தா துரு. ஆசிட்டே வேண்டாம்னா பழைய பித்தளக் கதவுக் கைப்பிடிய பாருங்க, வருஷக்கணக்கா கை வேர்வ பட்டு அதுவே எட்ச் ஆகி கிரெயின் தெரியும், சிலதுல வெறுங்கண்ணுக்கே.

ஸ்டாண்டு படு மட்டம், டேபிள்ல யாராவது பேனா வெச்சாக்கூட ஃபோகஸ் போயிரும், நான் கழட்டி எறிஞ்சுட்டு டிரில் ஸ்டாண்டுல கட்டிருக்கேன். கூட வர்ற பிளாஸ்டிக் ஸ்கேல நம்பாதீங்க, அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல வெச்சு காலிபரேட் பண்ணுங்க.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். ஸ்டாண்டுக்கு ஒண்ணு கட், அந்த 1000க்கு ஒண்ணு கட்.